சாவி மட்டும் போதாது

பழைய மஸ்டாங்கை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதியதை வாங்கி, எஞ்சினில் சூப்பர்சார்ஜர் பூட்டி, சைலன்சரையும் மாற்றினால், அமெரிக்காவில் ஓர் ஆணுக்கு அது ரசனை. அதையே ஒரு பெண் செய்தால், ‘கணவருடைய காரா?’ என்ற கேள்வி.

மசில் கார் ஆண்களின் உலகமாம்! 1964 ஏப்ரலில், முதன்முதலில் விற்பனையான மஸ்டாங்கைச் சிகாகோவில் வாங்கியவர் ஓர் இளம் ஆசிரியை. டிராக் பந்தயத்தில் மிக வேகமான டாப் ஃப்யூயல் பிரிவில் 1977, 1980, 1982 என மூன்று முறை சாம்பியன் ஆனவர் ஷெர்லி மல்டவுனி.

தடை எஞ்சினில் இல்லை. விற்பனையகத்து மேசையில் இருக்கிறது. 1974இல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வரும்வரை, கடன் கேட்டுப் போன பெண்ணிடம் கணவனின் கையெழுத்தைக் கேட்பது அங்கே சாதாரணம். சட்டம் வந்தபின் மட்டும்? சிகாகோ விற்பனையகங்களுக்கு ஆட்களை அனுப்பி, ஒரே மாதிரி பேரம் பேசவைத்து ஆராய்ந்த இயன் அயர்ஸ், 1991இல் முடிவை வெளியிட்டார்: வெள்ளை ஆண்களைவிட வெள்ளைப் பெண்களுக்கு விலை கூடுதல், கறுப்பினப் பெண்களுக்கு எல்லோரையும்விடக் கூடுதல்.

‘இதெல்லாம் ஆடம்பரம்தானே?’ என்பார்கள். ஆம், ஆடம்பரம்தான். ஆணின் ஆடம்பரத்துக்கு யார் கணக்குக் கேட்டார்கள்? சாவியைக் கொடுத்துவிட்டு பானெட்டைத் திறக்கவிடாதது பாதி உரிமை. மீதியையும் கேட்போம்.