கொக்கி இருக்கக் கை எதற்கு?

கேரளத்தின் பெயர்பெற்ற பாம்பு பிடிப்பவர் வாவா சுரேஷை 2022 ஜனவரி 31 அன்று, கோட்டயத்தை அடுத்த குறிச்சியில், ஒரு நல்லபாம்பு தொடையில் கடித்தது. வாலைப் பிடித்துத் தூக்கிச் சாக்குக்குள் விட முயன்ற நேரம் அது. சுற்றி நின்றவர்களின் கைபேசிகளில் எல்லாம் பதிவானது. வென்டிலேட்டர் வரை போய்த்தான் பிழைத்தார். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பும் ஒரு குழிவிரியன் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க வைத்திருந்தது. ஆயிரக்கணக்கான பாம்புகளைப் பிடித்தவருக்கே இப்படியா என்று ஊர் அங்கலாய்த்தது. அவர் கையில் ஏன் கொக்கி இல்லை என்று கேட்டவர்கள் குறைவு.

நச்சுப்பாம்பை வெறுங்கையால் பிடிப்பது துணிச்சலும் அல்ல, தொண்டும் அல்ல. அதைத் தடுக்க வேண்டும் என்பதே நம் நிலை.

முதலில், கை படாமல் பாம்பைப் பிடிக்கும் நுட்பத்தைப் பார்ப்போம். பிவிசி குழாய் ஒன்றின் முனையில் கறுப்புத் துணிப்பையைக் கட்டி, குழாயின் வாயைச் சுவரோரமாக வைக்கிறார்கள். நீண்ட கொக்கியால் பாம்பை மெல்ல அந்தப் பக்கம் திருப்புகிறார்கள். ஒளிந்துகொள்ள இருட்டைத் தேடும் பாம்பு, பொந்து என்று நினைத்துத் தானாகவே உள்ளே போகிறது. பையை முறுக்கிக் கட்டினால் வேலை முடிந்தது. யார் கையும் பாம்பின் மேல் படுவதில்லை. பாம்பு படமெடுப்பதும் இல்லை, சீறுவதும் இல்லை. இந்த முறையில் ஒரே ஒரு குறைதான்: வேடிக்கை பார்க்க ஒன்றுமே இருக்காது.

வெறுங்கை முறையில் வேடிக்கைதான் எல்லாம். வாலைப் பிடித்துத் தூக்குவது, படத்துக்குப் பின்னால் முத்தமிடுவது, கேமரா பக்கம் திரும்பிப் பேசுவது ஆகிய எதற்கும் பாம்பைப் பத்திரமாக அப்புறப்படுத்துவதோடு தொடர்பு இல்லை. கழுத்தை இறுக்கிப் பிடித்துவிட்டால் பயமில்லை என்பதும் தவறு. கண்ணாடி விரியனின் நீண்ட நச்சுப்பற்கள் மடங்கி விரியக்கூடியவை. பிடி சற்று நழுவினாலும் விரலை எட்டிவிடும்.

"எத்தனையோ முறை கடிபட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது இவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். நச்சுப்பாம்பு ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் நஞ்சை இறக்குவதில்லை. நஞ்சு இறங்காத கடியில் பிழைத்தவர் தன் உடம்பே நஞ்சை முறித்துவிட்டதாக நம்புகிறார். பச்சிலைக்கும் மந்திரத்துக்கும் பேர் வாங்கித் தந்ததும் இதே கடிகள்தான். அமெரிக்காவில் பாம்பு நஞ்சு எடுப்பதையே தொழிலாகக் கொண்ட பில் ஹாஸ்ட், நூற்றுக்கும் மேற்பட்ட கடிகளைத் தாங்கி 100 வயது வரை வாழ்ந்து 2011-ல் காலமானார். அவரை உதாரணம் காட்டுபவர்கள் பிழைத்தவரை மட்டுமே எண்ணுகிறார்கள். செத்தவர் வந்து சாட்சி சொல்வதில்லை. மீண்டும் மீண்டும் நஞ்சு ஏறும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வளரும் என்ற உறுதியும் இல்லை. சிலருக்கு நஞ்சே கடும் ஒவ்வாமையாக மாறும். சிலருக்குக் குதிரையின் சீரத்திலிருந்து தயாராகும் நச்சுமுறிவு மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

அனுபவம் காக்கும் என்பவர்களுக்கு ஜோ ஸ்லோவின்ஸ்கியின் கதை தெரிய வேண்டும். கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அவர், நாகம், கட்டுவிரியன் குடும்பப் பாம்புகளில் உலகறிந்த வல்லுநர். 2001 செப்டம்பரில் வட மியான்மரில் ஆய்வுக்குப் போயிருந்தபோது, நஞ்சில்லாத பாம்பு என்று சொல்லித் தந்த பைக்குள் கையை விட்டார். உள்ளே இருந்தது கட்டுவிரியன். மறுநாள் இறந்தார். நம் வீடுகளில் நுழையும் வெள்ளிக்கோல் வரையனுக்கும் கட்டுவிரியனுக்கும் உருவ வேறுபாடு எவ்வளவு என்று, இரவில் டார்ச் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். வரப்பில் நடக்காமல் இருக்க அவர்களால் முடியாது. பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொள்ளாமல் இருக்க எவராலும் முடியும். மத்தியப் பிரதேசத்தின் குணா மாவட்டத்தில் 2025 ஜூலையில் பாம்பு பிடிக்கும் ஒருவர், பிடித்த நாகத்தைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மகனைப் பள்ளியிலிருந்து அழைத்துவர பைக்கில் புறப்பட்டார். வழியில் கடித்தது. சிகிச்சைக்குப் பின் தேறியதுபோல் வீடு திரும்பியவர் விடிவதற்குள் இறந்துபோனார். கழுத்தில் பாம்போடு அவர் பைக்கில் உட்கார்ந்திருந்த வீடியோ நாடெங்கும் பரவியது. அதைப் பார்த்து எத்தனை இளைஞர்கள் பயந்தார்கள், எத்தனை பேர் தாங்களும் முயலலாம் என்று நினைத்தார்கள் என்பது யாருக்குத் தெரியும்?

பாம்புக்கும் ஒரு தரப்பு உண்டு. வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால் அதன் முதுகெலும்பு உடலின் முழு எடையையும் தாங்க வேண்டியிருக்கிறது. கழுத்தை இறுக்கினால் எலும்பு விலகலாம். மீட்பு என்ற பெயரில் அரை மணி நேரம் சீண்டிப் படமெடுக்க வைத்த பாம்பைக் காட்டில் விட்டுவிட்டு, காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்வது என்ன நியாயம்? 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நல்லபாம்பையும் கண்ணாடி விரியனையும் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. பிடிப்பதும் அந்தச் சட்டத்தில் வேட்டைதான். தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாத சிறை. சட்டம் இப்படி இருக்க, வெறுங்கையால் பிடிப்பவருக்கு மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துகிறோம்.

இருளர் பழங்குடியினரும் கையால்தானே பிடிக்கிறார்கள் என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுக்கும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் நச்சுமுறிவு மருந்தில் பெரும்பகுதி உருவாகி வந்திருக்கிறது. வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றது அந்த அறிவுக்குத்தான். நஞ்சு எடுக்கப் பாம்பின் தலையைப் பிடித்தே ஆக வேண்டும்; அது அரசின் அனுமதியோடு, எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு, உயிர்காக்கும் மருந்துக்காக நடக்கும் வேலை. மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பொந்து என்று சொல்லும் கல்வி தலைமுறைகளாக வந்தது. அதை யூடியூபில் பத்து வீடியோ பார்த்துப் பழகியவரோடு ஒப்பிடுவது இருளர்களுக்குச் செய்யும் அவமரியாதை. சொல்லப்போனால் அவர்களுக்கும் நல்ல கருவிகளும் காப்பீடும் வேண்டும்.

கேரள வனத்துறை 2020-லேயே விதி வகுத்தது: பயிற்சியும் சான்றிதழும் உள்ளவர் மட்டுமே பிடிக்கலாம், கொக்கி, குழாய், பை ஆகியவை கட்டாயம், பாம்பைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது. பொதுமக்கள் அழைக்க 'சர்ப்பா' செயலியும் வந்தது. குறிச்சிச் சம்பவம் அதற்குப் பிறகுதான் நடந்தது. காரணம், விதியைக் காகிதத்தில் எழுதிவிட்டு, அதை மீறுபவரை நாயகனாக்கும் கூட்டத்தைத் தொடாமல் விட்டதுதான்.

தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது நல்ல தொடக்கம். அடுத்த அடி இதுவாக இருக்க வேண்டும். வெறுங்கையால் பிடித்து வீடியோ போடுபவரின் அனுமதி ரத்தாக வேண்டும். அனுமதியே இல்லாதவர் மீது வனத்துறை வழக்குத் தொடர வேண்டும். அந்த வீடியோக்களைத் தொலைக்காட்சிகளும் நாளிதழ்களும் 'பரபரப்பு' என்று போடுவதை நிறுத்த வேண்டும். இதில் நாமும் விலக்கல்ல. பாம்பு புகுந்தால் மக்கள் முதலில் அழைப்பது தீயணைப்பு நிலையத்தைத்தான். ஒவ்வொரு நிலையத்திலும் கொக்கியும் குழாயும் பையும், அவற்றைக் கையாளப் பழகிய இருவரும் இருந்தாக வேண்டும். நள்ளிரவில் சம்பளமில்லாமல் ஓடிவரும் தன்னார்வலர்களையும் மறக்க முடியாது. 2025 மார்ச்சில் கோவையில் அப்படியொருவர் நாகம் கடித்து இறந்தார். முறையாகக் கருவியோடு பணிசெய்யும் ஒவ்வொருவருக்கும் அரசே பிரீமியம் கட்டி விபத்துக் காப்பீடு எடுத்துத் தரட்டும். கொக்கியைத் தொடாதவருக்கு அது கிடையாது என்றும் அந்த ஆணையிலேயே எழுதட்டும்.