கண்ணாடித் தொட்டியில் கலப்புக் குஞ்சுகள்

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஒரே தொட்டியில் இரண்டு வகைக் குட்டிக் கெளுத்திகளை விட்டிருக்கிறோம். பாண்டா மூன்று, மிளகுப் புள்ளி மூன்று. இப்போது இருபது குஞ்சுகள். எதுவும் இதைப் போலவும் இல்லை, அதைப் போலவும் இல்லை. கடையில் கொடுத்துவிடலாமா? கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம் என்கிறார் என் மாமியார். என்ன செய்ய?"

பதற ஒன்றுமில்லை, சகோதரி. மீசையால் மணலைத் துழாவித் திரியும் இந்த மீன்களுக்குச் சொந்த ஊர் தென் அமெரிக்கா. பாண்டா பெரு நாட்டு ஓடைகளில் வாழ்வது. மிளகுப் புள்ளி வெகு தெற்கே, அர்ஜென்டினா, உருகுவே பக்கத்து ஆறுகளில் இருப்பது. டார்வின் தம் கப்பல் பயணத்தில் சேகரித்த மீன்களை வைத்து 1842-ல் அதற்குப் பெயர் சூட்டினார்கள். பாண்டாவுக்குப் பெயர் கிடைத்தது 1971-ல்தான். ஆற்றில் இரண்டும் சந்திக்க வழியே இல்லை. சந்திக்க வைத்தது நம் தொட்டி! தன் இனத்தில் ஜோடி அமையாதபோது, நெருங்கிய உறவுள்ள இன்னோர் இனத்தோடு சேர்ந்துவிடுவது மீன்களில் உண்டு.

ஆனாலும் கலப்புதான் என்று இப்போதே முடிவு கட்டாதீங்க. சின்னக் குஞ்சுகள் எல்லாம் பொடிப் புள்ளியோடு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டு மூன்று மாதம் போகட்டும். பாண்டாவாக இருந்தால் கண்ணைச் சுற்றி, முதுகுத் துடுப்பில், வாலடியில் என்று மூன்று இடத்தில் கறுப்பு தெளிவாக விழும். மிளகுப் புள்ளிக்கு உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக இருக்கும். இரண்டும் குழம்பிக் கிடந்தால் கலப்பேதான்.

கடைக்குக் கொடுக்கலாமா? கூடாது என்பேன். கடைக்காரர் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லித்தான் விற்பார். வாங்குகிறவர் அதை நம்பி நல்ல மீன்களோடு சேர்த்துவிடுவார். கலப்புக் குஞ்சுகள் எல்லாம் மலடு என்று நினைக்க வேண்டாம், அவையும் முட்டையிடலாம். நாலு தலைமுறை போனால் எது பாண்டா என்று யாருக்கும் தெரியாது. மனிதரில் கலப்பு என்று பேசுவது அபத்தம், நாமெல்லாம் ஒரே இனம். இவையோ தனித்தனி இனங்கள்.

மாமியாரின் மனசு நல்ல மனசு. ஆனால் குளம் வேண்டவே வேண்டாம். தொட்டியைச் சுத்தம் பண்ணும் என்று வாங்கிய சக்கர் மீன், பெரிதானதும் குளத்தில் விடப்பட்டு, இன்று தமிழ்நாட்டு ஏரி குளங்களிலும் பெருகிக் கிடக்கிறது. அதுவும் தென் அமெரிக்கக் கெளுத்திதான். கரையில் வளை தோண்டுகிறது, முள் துடுப்பால் வலையைக் கிழிக்கிறது. வலை வீசிப் பிழைப்பவர் வயிற்றில் அடித்துப் புண்ணியம் தேட முடியுமா? அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, குஞ்சுகளை என்ன செய்வது? நீங்களே வளருங்கள். பாவம், அவை என்ன தப்புப் பண்ணின? இருபதுக்கும் இடமில்லையென்றால், தெரிந்தவர் வீட்டுத் தொட்டிக்கு ஐந்தாறாகக் கொடுங்கள். "இது கலப்பு, இதிலிருந்து குஞ்சு எடுக்காதீர்கள்" என்று மறக்காமல் சொல்லிக் கொடுங்கள்.

இனிமேல் கலக்காமல் இருக்க, ஒரு தொட்டியில் ஒரு வகை மட்டும் இருக்கட்டும். பிரிக்கும்வரை முட்டைகளைக் கவனியுங்கள். கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் மாற்றினாலே மழை வந்துவிட்டதென்று எண்ணிக் கண்ணாடியில் முட்டைகளை ஒட்டிவிடும். பொரிக்க மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதற்குள் விரலால் உருட்டி எடுத்துவிடலாம்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன். இரண்டு வகையில் மும்மூன்று வேண்டாம். ஒரே வகையில் ஆறாக, ஆணும் பெண்ணும் கலந்து வாங்குங்கள். தன் கூட்டத்தோடு திரிவதுதான் அந்த மீனுக்கும் பிடிக்கும்.