சத்தம் எப்போது வருகிறது?

முன்சக்கரப் பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டால், மின்சாரக் கார் வைத்திருப்பவர் பயப்படுகிற அளவுக்கு பெட்ரோல் கார்க்காரர் பயப்படுவதில்லை. பேட்டரியோ, மோட்டாரோ என்று மனம் உடனே பெரிய செலவை நோக்கி ஓடுகிறது. தெருமுனை ஒர்க்‌ஷாப்பிலும் அதே பயம்தான். கோவையில் என் தங்கை தன் வண்டியைக் கொண்டுபோனபோது, “கரண்ட் வண்டிங்க, நாங்க தொடறதில்லீங்க” என்று முதலில் போன கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு இதில் மிகவும் வருத்தம். அவர்கள் தொட மறுத்த இடத்தில் மின்சாரமே இல்லை.

இன்று நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான மின்சாரக் கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். எர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயர் அதற்கு நிலைத்தது. 1950இல் பிரிட்டனில் ஃபோர்டு கான்சல் காரில் வந்த ஏற்பாடுதான் இது: ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக, கீழே ஒரு லோயர் ஆர்ம், அதன் நுனியில் பால் ஜாயிண்ட். பெட்ரோல் காரில் இதைக் கழற்றி மாட்டிய கை இந்த மின்சாரக் கார்களிலும் மாட்டும்.

மாறியிருப்பது அதன்மேல் விழும் பாரம். பேட்டரியால் வண்டி 200, 300 கிலோ கூடுதலாகக் கனக்கிறது. இன்னொரு மாற்றம், எஞ்சின் இரைச்சல் இல்லாதது. முன்பு அந்த இரைச்சலுக்குள் அமுங்கிப்போன சின்னச் சத்தமெல்லாம் இப்போது காதில் விழுகிறது. அதனால் மின்சாரக் காரில் சத்தத்தைச் சீக்கிரமே பிடித்துவிடலாம். இது நல்லதுதான்.

கடைசியில் பொள்ளாச்சி சாலைப் பக்கம் ஒரு மெக்கானிக் பெரியவர் தங்கையின் வண்டியைப் பார்க்க வாங்கிக்கொண்டார். பானெட்டைத் திறக்கவில்லை. “சத்தம் எப்பங்க அம்மணி வருது? ரண்டு சக்கரமும் ஒண்ணா ஏறுறப்பவா, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்துல எறங்குறப்பவா?” என்று கேட்டார். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இரண்டு முன்சக்கரங்களையும் குறுக்கே இணைக்கும் ஸ்டெபிலைசர் பார், இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் முறுக்கிக்கொள்ளாது. ஒரு சக்கரம் மட்டும் ஏறினால்தான் முறுக்கும். அப்போது அதன் இரு முனைகளிலும் உள்ள லிங்க் ராடு இழுபடும். அதன் ஜாயிண்ட் தேய்ந்திருந்தால் ‘கட கட’வென்று ஆடும். ஆக, வேகத்தடையில் நேராக ஏறும்போது அமைதி, கோணலாக ஏறும்போது சத்தம் என்றால் முதலில் லிங்க் ராட்டைத்தான் பார்க்க வேண்டும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தால் இது பல நேரம் தெரியாது. இழுவிசையில் ஜாயிண்ட் இறுகி நின்றுவிடும். சக்கரம் தரையில் இருக்கும்போதே ராட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். அவர் அப்படித்தான் பார்த்தார். இடது பக்க ராட்டின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே மழைத்தண்ணீர் போய்த் துரு ஏறியிருந்தது.

மற்ற சத்தங்களுக்கும் இப்படி நேரம் உண்டு. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டங்’கென்று துள்ளினால் ஸ்ட்ரட் மேலே உள்ள பேரிங். முழுதாகத் திருப்பிக்கொண்டு ஓட்டும்போது ‘டிக் டிக்’ என்றால் ஆக்சில் ஜாயிண்ட். பிரேக் பேடு ஆடுகிறதா என்பதில் மட்டும் கவனம் வேண்டும். குலுங்கும் சாலையில் பிரேக்கை லேசாக மிதித்தால் சத்தம் நிற்கும் என்பது பழைய சோதனை. பல மின்சாரக் கார்களில் லேசான மிதிக்கு மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடும். பேடு டிஸ்க்கைத் தொடாமலே போகும். வெறிச்சோடிய சாலையில் மெதுவாக, நியூட்ரலில் உருளவிட்டு மிதித்துப் பார்ப்பதே சரி.

லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக வேகம் குறைந்து பேட்டரிக்குச் சக்தி திரும்புகிறதே, அப்போது முன்சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளும் விசையை இந்த ரப்பர் வாங்குகிறது. மறுபடி மிதித்ததும் விசை திசை மாறுகிறது. நகர நெரிசலில் இது ஓயாமல் நடக்கும். புறப்படும்போதும் நிற்கும்போதும் அடியில் ஒரு ‘தொம்’ என்றால் இந்த ரப்பர் வெடித்திருக்கலாம்.

புதுசு மாட்டும்போது நடக்கும் அநியாயம் வேறு. வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். கீழே இறக்கியதும், பிழிந்த துணி மாதிரி ரப்பர் முறுக்கியபடியே வாழ்நாள் முழுக்க நிற்கிறது, சீக்கிரமே கிழிகிறது. வண்டியின் பாரம் சக்கரத்தில் விழுந்த பிறகுதான், டார்க் ரெஞ்சால், கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். உங்கள் மெக்கானிக்கிடம் இதை விட்டுக்கொடுக்காமல் கேளுங்கள். கிரீச்சொலிக்கு ரப்பரில் கிரீஸும் எஞ்சின் ஆயிலும் தடவாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். ஆர்ம், டை ராடு மாற்றினால் அலைன்மெண்ட் கட்டாயம்.

மெக்கானிக்குகள் பயப்பட வேண்டியது மூன்று விஷயத்துக்குத்தான். ஆரஞ்சு நிற வயர்களைத் தொடக்கூடாது. ஜாக்கியைப் பேட்டரிப் பெட்டிக்கு அடியில் வைக்கக்கூடாது; அதற்கென்று குறித்த இடத்தில்தான் வைக்க வேண்டும். இன்னொன்று, வண்டி ஆனில் இருந்தாலும் சத்தம் வராது என்பதால், அணைத்துச் சாவியைத் தள்ளி வைத்த பிறகே அடியில் போக வேண்டும்.

பெரியவர் இரு பக்கமும் லிங்க் ராடு மாற்றி, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை. பிறகு வலது புஷ்ஷில் இருந்த மெல்லிய விரிசலைத் தங்கைக்கு டார்ச் அடித்துக் காட்டினார். “இதை இப்ப மாத்த வேண்டியதில்லீங்க. டயர் மாத்த வர்றப்ப பாத்துக்கலாம்.”