காற்றுக்கும் விலை உண்டு

காற்றை விற்க முடியுமா என்று கேட்டால் நீங்கள் நகைப்பீர்கள். ஆயினும், காற்றில் கலக்கும் கரியமில வாயுவை மண்ணிலும் மரத்திலும் சேமிக்கும் உழவருக்குப் பணம் தரும் சந்தை ஒன்று இன்று உலகில் நடைபெறுகின்றது. அதற்குக் கார்பன் சந்தை என்று பெயர். தாம் வெளியிடும் புகைக்கு ஈடு காட்ட விரும்பும் நிறுவனங்களே அங்கு வாங்குவோர். ஒரு டன் கரியமில வாயு குறைந்தால் ஒரு வரவு என்பது கணக்கு.

கென்யா நாட்டில் நடந்ததைப் பாருங்கள். அதன் மேற்குப் பகுதியில், கிசுமு, கிட்டாலே வட்டாரங்களில், சுமார் 60,000 சிறு உழவர்கள் 45,000 ஹெக்டேர் நிலத்துடன் ஒரு திட்டத்தில் இணைந்தனர். சுவீடன் நாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று வழிகாட்டியது. உலக வங்கியின் நிதியம் துணை நின்றது. தட்டையை எரிக்காமல் மூடாக்காக இடுதல், மக்கிய உரம் சேர்த்தல், நிலத்தில் மரம் நடுதல் ஆகியவையே அவர்கள் செய்த பணிகள். 2014-இல் அத்திட்டத்திற்கு முதல் வரவுகள் வழங்கப்பட்டன. அளவு 24,788 டன்.

பெருந்தொகையாகத் தோன்றுகிறதல்லவா? 60,000 பேருக்குப் பங்கிட்டுப் பாருங்கள். ஒருவருக்கு அரை டன்கூடத் தேறாது! அதிலும் அளவிடும் செலவு, சரிபார்க்கும் செலவு கழிய வேண்டும். உழவர் கண்ட மெய்யான பயன் வேறு. வளம் ஏறிய மண்ணும், ஈரம் காக்கும் நிலமும், கூடுதல் விளைச்சலுமே அது.

நம் நெல் வயலுக்கும் இச்சந்தையில் இடமுண்டு. நீர் தேங்கிய வயலில் மீத்தேன் வாயு உண்டாகின்றது. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின் மீண்டும் பாய்ச்சினால் மீத்தேன் வெகுவாகக் குறையும், நீரும் மிஞ்சும். பூக்கும் பருவத்தில் மட்டும் வற்ற விடலாகாது. ஆனால், வரவு உறுதி என்று எண்ணிவிடாதீர்கள். வெர்ரா என்னும் சர்வதேசப் பதிவு அமைப்பு 2024-இல் சீனாவின் 37 நெல் வயல் திட்டங்களை நிராகரித்துவிட்டது.

வீட்டுத் தலைவர் கடல் கடந்து பொருளீட்டச் சென்றிருக்கலாம்; நிலம் குத்தகையில் இருக்கலாம். அவ்வேளையில் எவரேனும் படிவத்துடன் வாசலில் வந்து நின்றால், சகோதரிகளே, மூன்று கேள்விகள் கேளுங்கள். வரவு யாருக்குச் சொந்தம்? எத்தனை ஆண்டுகளுக்குக் கட்டுப்பாடு? செலவு போக எங்கள் பங்கு எவ்வளவு, எப்போது கிடைக்கும்? விடை தமிழில், எழுத்தில் கிடைக்கும்வரை கையெழுத்திடாதீர்கள்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். பட்டா உங்கள் பெயரில் இருக்கலாம். சேற்றில் இறங்கி, நாள்தோறும் நீர்மட்டம் பார்ப்பவர் குத்தகைதாரரே. அவர் பங்கை எழுதாத ஒப்பந்தம் எத்துணை இலாபம் தந்தாலும் நீதியாகாது. கையெழுத்திடும் நாளில் அவரையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.