சாம்பார்க் கறையில் ஒரு கெமிஸ்ட்ரி லேப்

யூனிஃபார்ம் சட்டையில் சாம்பார் சிந்தினால் மஞ்சள் கறை. அதன்மேல் சோப்பைத் தேய்த்ததும் கறை பளிச்சென்று சிவந்துவிடும். புதிதாகத் துணி துவைக்கும் பிள்ளைகள் பதறிப்போவது இந்த இடத்தில்தான். நன்றாக அலசினால் மறுபடியும் மஞ்சள். வெயிலில் உலர்த்தினால் அதுவும் மெல்ல வெளுத்துவிடும்.

பாட்டிமார்களுக்கு இதில் அதிசயமே கிடையாது. மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு கரைத்தால் ஆரத்தி சிவக்கும் என்பது அவர்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். சோப்பும் சுண்ணாம்பும் இங்கே செய்வது ஒரே வேலை. இரண்டும் காரத்தன்மை உள்ளவை. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறமி, காரம் பட்டால் சிவக்கும். காரம் போனால் பழைய நிறத்துக்குத் திரும்பும்.

இதே மஞ்சள், 1827-ல் லண்டனில் அச்சான ஒரு புத்தகத்திலும் இருக்கிறது. 'கெமிக்கல் மேனிப்புலேஷன்' என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் கை எப்படி வேலை செய்ய வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருவதற்காகவே எழுதப்பட்டது. தராசில் எடை பார்ப்பது, வடிகட்டுவது, கண்ணாடிக் குழாயை வளைப்பது என்று 600 பக்கங்களுக்கு மேல் போகிறது. மஞ்சள் தோய்த்த காகிதத்தால் காரத்தைக் கண்டுபிடிக்கும் வழியும் அதில் உண்டு. எழுதியவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தால் புகழ்பெற்றவர் என்றுதான் நம் பாடப்புத்தகங்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. அவர் முதலில் கெமிஸ்ட்ரிக்காரர்.

அவர் கெமிஸ்ட்ரிக்குள் வந்த கதையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். கொல்லர் ஒருவரின் மகன். பள்ளிப் படிப்பு எழுதப் படிக்கக் கற்றதோடு சரி. 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வரும் புத்தகங்களைத் தைப்பதோடு நிறுத்தாமல் படிக்கவும் செய்தார். அப்படிக் கைக்கு வந்த ஒன்றுதான், ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய 'கான்வர்சேஷன்ஸ் ஆன் கெமிஸ்ட்ரி'.

மார்செட்டின் கதையும் சுவாரஸ்யமானது. ஹம்ஃப்ரி டேவி என்ற பிரபல விஞ்ஞானியின் சொற்பொழிவுகளுக்குப் போனவருக்கு முதலில் சரியாகப் புரியவில்லை. பிறகு ஒரு நண்பரோடு பேசிப் பேசி, சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்ததும் தெளிவானது. நமக்கு இப்படிப் புரிந்தது என்றால் மற்றவர்களுக்கும் இப்படியே சொல்லலாமே என்று, ஒரு டீச்சரும் இரண்டு பெண் பிள்ளைகளும் பேசிக்கொள்வதாக எழுதிவிட்டார். பதிப்பு மேல் பதிப்பு ஓடியது. ஆனால் முதல் பல பதிப்புகளில் ஆசிரியர் பெயரே கிடையாது.

பைண்டிங் கடைப் பையன் அந்தப் புத்தகத்தை நம்பவில்லை என்பதுதான் விஷயம்! தன் கையில் இருந்த சில்லறைக் காசுக்கு எட்டிய பொருள்களை வாங்கி, அதில் சொன்னதைச் சின்னச் சின்னச் சோதனைகளாகச் செய்து பார்த்தான். சொன்னபடியே நடந்தது. அதன் பிறகுதான் நம்பினான். உலகப் புகழ் பெற்ற பிறகும் ஃபாரடே மார்செட்டை மறக்கவில்லை. தன் ஆய்வுக் கட்டுரைகளை அவருக்கு அனுப்பிவைப்பதை ஒரு நன்றிக்கடனாகவே வைத்திருந்தார்.

1812-ல் வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில் டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார். கேட்டதை எல்லாம் எழுதி, படம் வரைந்து, தானே பைண்டிங் செய்து டேவிக்கே அனுப்பினார். வேலை கிடைத்ததற்கு அது மட்டும் காரணம் இல்லை. அந்த ஆண்டில் நைட்ரஜன் டிரைகுளோரைடு என்ற பொருள் வெடித்து டேவியின் கண்ணில் காயம். எழுத முடியாத அவருக்குச் சில நாள் எழுதிக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. ஃபாரடே போனார். 1813 மார்ச்சில் ஆய்வுக்கூட உதவியாளர் ஆனார்.

சேர்ந்த அடுத்த மாதமே அதே பொருள் அவர் விரலிடுக்கில் வெடித்தது. சின்னக் கண்ணாடிக் குழாயில் இருந்தது அரை கிராமுக்கும் குறைவுதான். முகம் ஓரடி தூரத்தில். நகத்தில் ஒரு பகுதி பிய்ந்தது. பறந்த சில்லுகள் அவர் முகத்தில் அணிந்திருந்த கண்ணாடிக் கவசத்தைக் கீறின. கவசம் இல்லாமல் இருந்திருந்தால்? பின்னாளில் மின்சாரத்தில் அவர் கண்ட எதையும் காணும் கண்களே இருந்திருக்காது. பிளஸ் ஒன் லேபில், 'கண்ணாடி போட்டால் வியர்க்கிறது மிஸ்' என்று கழற்றி வைக்கும் பிள்ளைகளிடம் ஒருமுறை இதைச் சொல்லலாம். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது. குப்பியில் மூக்கை வைக்காமல் கையால் விசிறி முகர வேண்டும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது. சுவரில் ஒட்டியிருக்கும் இந்த விதிகளுக்குப் பின்னால் எல்லாம் யாரோ ஒருவரின் கண்ணோ கையோ இருக்கிறது.

வீட்டு பாத்ரூமுக்கும் ஒரு விதி உண்டு. டாய்லெட் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வாயு வரும். நுரையீரலைப் பதம் பார்க்கும் நச்சு வாயு அது. 'இரண்டும் சேர்ந்தால் நன்றாகச் சுத்தமாகும்' என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பும் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கலாம். பிள்ளைகள் கையில் அந்தப் பொட்டலத்தைக் கொடுக்கவே கூடாது.

அப்படியானால் வீட்டில் எதை வைத்து ஆரம்பிப்பது? ஃபாரடேயின் மஞ்சள் காகிதமே போதும். மஞ்சள் தூளைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, வெள்ளைக் காகிதத்தில் தடவி, நிழலில் உலர்த்தி, விரல் அகலத்துக்கு நறுக்கிக்கொண்டால் லேப் தயார். துணி சோப்புக் கரைசல், சமையல் சோடா, எலுமிச்சைச் சாறு, மோர், குழாய்த் தண்ணீர் என்று தனித்தனிக் கிண்ணங்களில் எடுத்து, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டை ஒட்ட வேண்டும். பெயர் இல்லாத கிண்ணம் லேபுக்கு ஆகாது. ஒன்றில் நனைத்த துண்டை இன்னொன்றில் போடக் கூடாது. எதையும் ருசி பார்க்கவும் கூடாது, அது மோராகவே இருந்தாலும்.

சோப்புக் கரைசலில் காகிதம் சிவக்கும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மஞ்சள் திரும்பும். பிள்ளைகள் கைதட்டும் இடம் இது. ஆனால் தண்ணீரிலும் மஞ்சள், மோரிலும் மஞ்சள். அமிலம் எது, இரண்டும் இல்லாதது எது என்று மஞ்சளால் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குச் செம்பருத்திப் பூ வேண்டும். இதழ்களை வெந்நீரில் ஊறவைத்த சாறு அமிலத்தில் சிவப்பாகும், காரத்தில் பச்சையாகும்.

கடைசியாக நோட்டுப் புத்தகம். ஆய்வுக்கூடத்தில் நோட்டும் பேனாவும் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பார்த்ததைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத வேண்டும் என்று ஃபாரடே அந்தப் புத்தகத்தில் வற்புறுத்துகிறார். அவர் தன் ஆய்வுக் குறிப்புகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொண்டே போனார். அந்த எண் 16,000-ஐத் தாண்டியது. எதிர்பார்த்தது நடக்காத நாள்களின் குறிப்புகளும் அதில் அடக்கம்.

நம் லேபில் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். டைட்ரேஷனில் பியூரெட் ரீடிங் சரியாக வராவிட்டால் பக்கத்து மேசை ரீடிங்கைப் பார்த்து எழுதிவிடும் பழக்கம், மார்க் பயத்தில் பிறந்தது. அந்தப் பயம் இல்லாத ஒரே லேப் சமையலறை.

பாத்திரம் கழுவும் லிக்விட் சிலவற்றில் மஞ்சள் காகிதம் சிவக்காது. அவை காரத்தன்மை இல்லாமல் தயாரிக்கப்பட்டவை. அது தெரியாத பிள்ளை குழம்பும்.

"அம்மா, இது சோப்புதானே? சிவக்கவே மாட்டேங்குதே!"

"சிவக்கலையா? அப்போ சிவக்கலைன்னே எழுதுடா."