தோட்டத்திலிருந்து தாமானுக்கு

கடந்த பருவத்தில் நகரத் திட்டமிடல் பாடத்துக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தார்கள். வீட்டிலிருந்து நடந்தே போய்வரக்கூடிய இடங்களை மட்டும் வைத்து ஒரு வரைபடம் போட வேண்டும். வார விடுமுறைக்குச் சுங்கை பட்டாணிக்கு வந்தபோது நானும் தாளை எடுத்து உட்கார்ந்தேன். எங்கள் வீடு, இரண்டு வரிசை தள்ளி ஒரு மளிகைக் கடை, மூலையில் ஊஞ்சல் சங்கிலி அறுந்த ஒரு விளையாட்டுத் திடல். அவ்வளவுதான். தாளில் பாதிக்கு மேல் காலி.

பக்கத்தில் இருந்த பாட்டி எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார். பேனாவை வாங்கி, பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில், பீடோங் பக்கத்தில் தாம் பால்மரம் வெட்டிய தோட்டத்தைப் போட ஆரம்பித்தார். நடுவில் பெரட்டுக் களம். அதை ஒட்டி ஆபீஸ், பால் ஸ்டோர். எதிரே நாலு வரிசை லயம். லயத்து முனையில் ஆயாக்கொட்டகை, அதைத் தாண்டி தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், பந்து விளையாடும் திடல். கொஞ்சம் ஒதுக்குப்புறமாகக் கள்ளுக்கடை. மேட்டில் துரை பங்களா. கள்ளுக்கடையை வரையும்போது மட்டும் தாத்தாவை நினைத்தோ என்னவோ பேனாவை அழுத்திக் கிழித்துவிட்டார். பங்களாவைத் தவிர எல்லாமே லயத்திலிருந்து பத்து நிமிட நடைதான்.

கார்லோஸ் மொரேனோ சொல்லும் 'பதினைந்து நிமிட நகரம்' பற்றி வகுப்பில் படித்திருந்தேன். வேலை, பள்ளி, கடை, மருத்துவம் எல்லாம் வீட்டிலிருந்து நடையிலோ சைக்கிளிலோ பதினைந்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அந்தக் கருத்து. 2020-இல் பாரிஸ் மேயர் தேர்தலில் அதுவே பெரிய பேச்சாக இருந்தது. எங்கள் பாட்டி அப்படி ஒரு இடத்தில் முப்பது வருடம் இருந்துவிட்டு, இப்போது கிளினிக்குக்குப் போக என் அப்பா வேலை முடிந்து வரும்வரை காத்திருக்கிறார்.

தோட்டத்தைச் சொர்க்கமாக்க நான் இதை எழுதவில்லை. அது தானாக முளைத்த ஊரல்ல. கம்பெனி போட்ட ஊர். லயம் நேர்வரிசையில் இருந்தால் ஆளை எண்ணுவது சுலபம். பங்களா மேட்டில் இருந்தால் கீழே எல்லாம் தெரியும். ஆயாக்கொட்டகை கட்டியது தாய்மார்கள் காலையிலேயே மரத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக. எல்லாம் கிட்ட இருந்ததற்குக் காரணம், தொழிலாளி வெளியே போகத் தேவை வரக்கூடாது என்பதுதான். அதைவிட முக்கியமான ஒன்று: வேலை இருந்தால்தான் வீடு. வேலை போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

ஊர் அமைப்பைப் பற்றிப் பேசும்போது தெருவின் வடிவத்தை மட்டும் பார்த்தால் போதாது, அந்த மண் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான். அவசர காலத்தில், 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் சீனர்கள். முள்வேலி, ஊரடங்கு, சோதனைச் சாவடி எல்லாம் இருந்தன. யாரும் விரும்பிப் போகவில்லை. ஆனாலும் காலப்போக்கில் பல புதுக்கிராமங்களில் குடியிருந்தவர்களுக்கு வீட்டு மனைக்குக் குத்தகைப் பத்திரம் கிடைத்தது. கடை வைத்தார்கள், வீட்டை இடித்துக் கட்டினார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு லயம் கடைசிவரை கம்பெனியுடையதாகவே இருந்தது. தோட்டம் விற்கப்பட்டபோது விற்றவருக்குப் பணம் வந்தது. இருந்தவர்களுக்கு நோட்டீஸ் வந்தது.

சுங்கை பட்டாணியே ரப்பர் வளர்த்த பட்டணம். 1909-இல் கெடா சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷ் செல்வாக்கின்கீழ் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இரயில் பாதை வந்தது, சுற்றிலும் தோட்டங்கள் பெருகின. சம்பள நாளில் சாமான் வாங்க, வட்டிக்கடைக்குப் போக, படம் பார்க்க ஒரு பட்டணம் தேவைப்பட்டது. ஜாலான் இப்ராஹிமில் 1936-இல் கட்டிய மணிக்கூண்டுப் பக்கம் போனால் பழைய கடை வரிசைகளை இன்றும் பார்க்கலாம். கீழே கடை, மேலே வீடு, முன்னால் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க அஞ்சடி. நம் தட்பவெப்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான நடைபாதையை இதுவரை யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அஞ்சடியை அடைத்து மோட்டாரும் அலமாரியும் வைக்கும் வழக்கம் எப்போது வந்ததோ!

திட்டம் காகிதத்தில் ஒன்று, மண்ணில் ஒன்று ஆவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பார்சிலோனாவில் 1859-இல் இல்டெஃபான்ஸ் செர்டா போட்ட திட்டத்தில் ஒவ்வொரு கட்டடத் தொகுதியின் நடுவிலும் தோட்டம் இருந்தது. நில உரிமையாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அதை நிரப்பிக் கட்டிவிட்டார்கள். எபனேசர் ஹோவர்ட் 1898-இல் எழுதிய பூங்கா நகரத்தில் 6,000 ஏக்கரில் 32,000 பேர்தான். வேலையும் வீடும் பசுமையும் ஒரே இடத்தில். அந்தச் சிந்தனையில் ஊறிய சார்ல்ஸ் ரீட் என்பவர் 1921-இல் மலாயாவுக்கு அரசாங்க நகரத் திட்டமிடுபவராக வந்தார். இன்று நம் வீடமைப்புப் பகுதிகளின் பெயரைப் பாருங்கள்: தாமான். மலாயில் அதற்குத் தோட்டம், பூங்கா என்று பொருள். நம்மவர்கள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். பெயரளவில்!

எங்கள் தாமானில் 'பசுமைப் பகுதி' என்று விட்டிருப்பது பெரிய சாக்கடைக்கும் உயர்அழுத்த மின்கம்பிக்கும் நடுவே, வீடு கட்ட முடியாத ஒரு துண்டு. கிளினிக் இருப்பது நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். கூகளில் பார்த்தால் 900 மீட்டர். பாதசாரிப் பாலம் இல்லை. லாரிகள் பறக்கும் ஆறு தடச் சாலையை எழுபத்து நாலு வயது பாட்டி எப்படிக் கடப்பார்?

"மோட்டார் இருக்கிறதே" என்பார்கள். மோட்டார் எனக்கும் தம்பிக்கும் இருக்கிறது. ஊர் என்பது இருபது வயதுக்காரனுக்கு மட்டுமா?

வாகன வசதியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவின் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்ற, விடியும் முன்னே எங்கள் தாமான் வாசலுக்குத் தொழிற்சாலை பஸ் வந்துவிடும். பாட்டி அதைப் பார்த்து "பெரட்டு பஸ் வந்துருச்சு" என்பார். நாங்கள் சிரிப்போம், ஆனால் அவர் சொல்வது சரி. ஆளை வேலைக்குக் கொண்டுபோக அன்றும் வழி இருந்தது, இன்றும் இருக்கிறது. 2015 முதல் சுங்கை பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்சார கம்யூட்டர் இரயில் ஓடுகிறது. நல்ல இரயில், நானும் அதில்தான் வருகிறேன். ஆனால் தாமானிலிருந்து ஸ்டேசனுக்குப் போகக் கொடுக்கும் கிராப் கட்டணம் இரயில் டிக்கெட்டை மிஞ்சிவிடுகிறது. பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974-இலேயே பஸ்ஸுக்கெனத் தனித் தடம் போட்டு, அந்தத் தடத்தை ஒட்டியே உயரமான கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்தது. சுரங்க இரயில் தோண்டப் பணம் இல்லாததால் வந்த யோசனை அது. நாமோ முதலில் வீடுகளை எங்கெங்கோ கட்டிவிட்டு, பிறகு பஸ்ஸுக்கு ஆள் இல்லை என்கிறோம்.

இந்தக் கட்டுரையை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "லயத்துல மழை பெஞ்சா எத்தனை எடத்துல வாளி வெப்போம் தெரியுமா? பொதுக் கக்கூசுல வரிசையில நின்னிருக்கியா?" என்று கேட்டார். இப்போது வீட்டுக் கிரான் அவர் பெயரில் அலமாரியில் இருக்கிறது. அதை அவர் எதற்கும் விட்டுத்தர மாட்டார், விடவும் கூடாது. பாட்டியின் நடையும் அப்பாவின் கிரானும் ஒரே ஊரில் ஏன் இருக்க முடியாது என்பதுதான் என் கேள்வி.

இருக்க வைக்க, திட்டம் போடும்போதே நாம் அங்கே இருக்க வேண்டும். பூஜாங் பள்ளத்தாக்கில் ஆயிரம் ஆண்டுக்கும் பழைய 11ஆம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடிக்கப்பட்ட செய்தி 2013-இல் வெளிவந்தது. பாரம்பரிய இடமாக அரசிதழில் பதிவாகாததால் காக்க வழியில்லாமல் போயிற்று. கடாரத்துச் சின்னத்துக்கே அந்தக் கதி என்றால், லயத்து மாரியம்மன் கோயிலுக்கும், தோட்டமே இல்லாத இடத்தில் இன்னும் 'லாடாங்' என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் என்ன பாதுகாப்பு?

1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஒரு வட்டாரத்துக்கான வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தே ஆக வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுத்துமூலம் ஆட்சேபமோ யோசனையோ கொடுக்கலாம். பெரும்பாலும் மேம்பாட்டாளர்களும் நில உரிமையாளர்களும்தான் போய்ப் பார்க்கிறார்கள். நம் வீடுகளில் மலாயில் கடிதம் எழுதவும் வரைபடம் வாசிக்கவும் தெரிந்தவர்கள் நாம்தான், எஸ்.பி.எம். புவியியல் படித்தவருக்கு இது கடினமே இல்லை.

அடுத்த முறை வரைவு பார்வைக்கு வரும்போது கொடுக்க ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நெடுஞ்சாலையைக் கடக்க ஒரு பாலம், அதுவும் படிக்கட்டு மட்டுமில்லாமல் சாய்தளத்தோடு. தாமானையும் இரயில் நிலையத்தையும் இணைக்கும் ஒரு சிற்றுந்து. சுற்றுவட்டாரத்தில் மிஞ்சியிருக்கும் தோட்டக் கோயில், பள்ளி நிலங்களை வரைபடத்தில் பெயரோடு குறிப்பது. பாட்டியிடம் படித்துக் காட்டினேன். நாலாவதாக ஒன்று சேர்க்கச் சொன்னார்: பஸ் நிற்கும் இடத்தில் கூரையும் ஒரு பெஞ்சும். சேர்த்திருக்கிறேன்.