வழுவின் இடத்தைக் காட்டுங்கள், தமிழை நீக்கச் சொல்லாதீர்கள்

எமது உறுப்பினர்கள் பங்களிக்கும் திறந்தமூலத் திட்டமொன்றில், செய்நிரலுக்குள் உள்ள தமிழ் விளக்கக் குறிப்புகளை நீக்கிவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவதென்று முடிவாகியுள்ளது. தமிழ் வரியில் வழு ஏற்பட்டால் ஆவணமாக்கல் கருவி அதன் இடத்தைச் சரியாகக் காட்டுவதில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். தொண்டைமானாற்றில் கூடிய செயற்குழு, நீண்ட விவாதத்தின் பின் இந்நிலைப்பாட்டை வெளியிடுகிறது.

கருவியில் குறை உண்டு என்பதை ஏற்கிறோம். அத்திட்டம் பயன்படுத்தும் ஸ்பிங்ஸ் என்ற ஆவணமாக்கல் கருவியில், பைதன் செய்நிரலிலிருந்து எடுத்த குறிப்பில் வழு நேர்ந்தால், அது கோப்பின் வரி எண்ணைத் தருவதில்லை. இன்ன செயற்கூறின் குறிப்பில் 4ஆம் வரி என்கிறது. அந்த 4 குறிப்பின் தொடக்கத்திலிருந்து எண்ணியது. ஸ்பிங்ஸின் நெப்போலியன் நீட்சியைச் சேர்த்தால் குறிப்பு வேறு வடிவுக்கு மாற்றப்பட்ட பிறகே எண்ணப்படுகிறது. அந்த வரி நாம் எழுதிய கோப்பில் இல்லாமலே போகலாம். இவை ஆங்கிலக் குறிப்புக்கும் நடப்பவை. அதற்காக ஆங்கிலத்தை நீக்கும்படி யாரும் கேட்டதுண்டா?

தமிழுக்கென்று கூடுதலாக உள்ள சிக்கல், வரிக்குள் இடத்தை எண்ணும் முறை. ‘தொண்டைமானாறு’ என்பதில் எழுத்துகள் 6. யூனிகோட் குறியீடுகள் 12. யூடிஎப்-8இல் 36 பைற்றுகள். இச்சொல்லை அடுத்து வழு இருந்தால், எழுதியவர் பார்ப்பது 7ஆம் இடம். குறியீட்டை எண்ணும் கருவி 13 என்கிறது, பைற்றை எண்ணும் கருவி 37 என்கிறது. செய்நிரலின் தொடரமைப்பைப் பகுத்துத் தரும், பைதனின் ஏஎஸ்டி தொகுதி இன்றும் பைற்றுக் கணக்கிலேயே இடம் சொல்கிறது. ஆங்கிலத்தில் இம்மூன்றும் ஒன்றாகவே அமைவதால் கோளாறு கண்ணில் படுவதில்லை. தமிழில் எழுதியதும் வெளிப்பட்டது. வெளிப்படுத்திய மொழியையே வெளியேற்றுவது எந்த ஊர் நியாயம்?

எம்மில் பலர் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பரீட்சைகளை எழுதி வளர்ந்தவர்கள். பிழையைச் சுட்டாமல் ‘பிழை’ என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்த விடைத்தாளால் எந்த மாணவருக்குப் பயன்? இடம் காட்டாத எச்சரிக்கையும் அத்தகையதே. அனுபவசாலி ஊகித்துத் திருத்திவிடுவார். தாய்மொழியில் குறிப்பு எழுதப் பழகும் பாடசாலைப் பிள்ளை, எச்சரிக்கை ஓயட்டும் என்று முழுக் குறிப்பையும் அழித்துவிடும். அப்படி அழியும் ஒவ்வொரு குறிப்பும் எமக்கு இழப்பு.

இது தீராத சிக்கலும் அல்ல. ஓப்பன்-தமிழ் நூலகம் சொல்லைத் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தருகிறது. மொழிச் சேவையக நெறிமுறையின் 3.17ஆம் பதிப்பு, 2022 முதல், எந்தக் கணக்கில் இடம் சொல்வதென்று செய்நிரல் திருத்தியும் மொழிச் சேவையகமும் பேசி முடிவுசெய்ய வழிவிட்டுள்ளது.

எனவே கருவி ஆக்குவோர் மூலக்கோப்பின் உண்மையான வரி எண்ணைத் தரவேண்டும் என்றும், எழுத்தெண்ணிக்கை உடனடியாக இயலாதவிடத்து வழுவுள்ள வரியையேனும் அப்படியே எடுத்துக் காட்டவேண்டும் என்றும் கோருகிறோம். ஸ்பிங்ஸை முற்றாகக் கைவிடும் யோசனை தற்போதைக்கு ஏற்கப்படவில்லை.

எச்சரிக்கையையும் வழுவாகக் கொண்டு ஆவணமாக்கலைத் தோல்வியென்று அறிவிக்கும் தெரிவைக் கொள்கையளவில் ஆதரிக்கிறோம். ஆனால் இடம் சரியாகக் காட்டப்படும் வரை தமிழ்க் குறிப்புள்ள கோப்புகளுக்கு அது வேண்டாம். இடம் தெரியவில்லை என்ற காரணத்துக்காகத் தமிழ்க் குறிப்பை நீக்கும் எந்த மாற்றத்துக்கும் எமது உறுப்பினர்கள் ஒப்புதல் வழங்கமாட்டார்கள். இதில் செயற்குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.